தடம் செய்த வண்டிகள்

சோழவரத்துக்கென்று செய்த பழைய வண்டியையும் இருங்காட்டுக்கோட்டைக்கென்று செய்த வண்டியையும் அருகருகே நிறுத்தினால், பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தே எது எந்த ஊருக்கானது என்று சொல்லிவிடலாம். சோழவரத்து வண்டியில் அது சிறியது, பல் குறைவு. இருங்காட்டுக்கோட்டை வண்டியில் பெரியது, பல் அதிகம். இரண்டும் ஒரே கம்பெனி வண்டியாக இருக்கலாம், ஒரே 100 சி.சி. இன்ஜினாக இருக்கலாம், ஒரே மெக்கானிக் கை வைத்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறாக்கியது அவை ஓடிய பந்தயத் தடம்.

காஞ்சிபுரத்தில் மெக்கானிக் ஷெட் நடத்தும் நான் மோட்டார் பந்தயத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், கோப்பை வாங்கியவர்களின் பட்டியலிலிருந்து தொடங்க மாட்டேன். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. எந்தத் தடம் இன்ஜினிடம் எதைக் கேட்டது, அதைக் கொடுக்க எங்கள் கை எதைக் கற்றுக்கொண்டது என்பதுதான் அது. வண்டியை மெக்கானிக் செய்கிறான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இத்தனை வருட வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, வண்டியைத் தடம் செய்கிறது என்பதே. மெக்கானிக் தடம் சொல்வதைக் கேட்டு அரத்தை ஓட்டுகிறவன்.

இந்த இரண்டு தடங்களும் எங்கள் ஊருக்கு அந்நியமானவை அல்ல. 1997ல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த மாவட்டத்துக்குத் தலைமையிடம் காஞ்சிபுரம். பிரிந்தபின் சோழவரம் திருவள்ளூர் பக்கம் போயிற்று, இருங்காட்டுக்கோட்டை எங்களோடு நின்றது. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் வாங்கிய மாவட்டத்தில் நாட்டின் பழைய பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

எங்களுடையது பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு. 1980களில் என் வயதுப் பையன்கள் தறிக்குழியில் கால் வைத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அந்த மேஸ்திரி, மெட்ராஸ் பந்தயக்காரர்களுக்கு இன்ஜின் வேலை செய்து கொடுத்தவர். பந்தயம் வந்தால் பட்டறையைச் சாத்திவிட்டுச் சோழவரம் போய்விடுவார். கூடவே சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "ரோட்டப் பாக்காம வண்டியத் தொடாதடா. ரோடு என்னா கேக்குதோ அத்தக் குடு. உனுக்குத் தெரிஞ்சதெல்லாம் குடுக்காத."

சோழவரம் சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. அங்கே இருந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்து விமானங்கள் போனபின், நீளமும் அகலமும் மட்டமுமான தரை மிஞ்சியது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தரையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. உலகத்தில் பல இடங்களில் கதை இப்படித்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஒரு போர்க்கால விமானத் தளம். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. அமெரிக்காவின் செப்ரிங் அப்படி வந்தது. இலங்கையில் களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தையும் அப்படித்தான். குண்டு ஏற்றிப் பறக்கப் போட்ட தரை, வேகத்தை விரும்பிய மனிதர்களுக்கு விளையாட்டுத் திடலாயிற்று.

விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்துக்குத் தனிக் குணம் உண்டு. ஏற்ற இறக்கம் கிடையாது. நீண்ட நேர்ப்பாதை, முடிவில் திடீரென்று ஒரு திருப்பம், மறுபடியும் நேர்ப்பாதை. ஒதுங்க நிழல் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில், வெயில் ஏறாத மாதங்களில் பெரிய பந்தயம் நடக்கும். கூட்டம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும் வந்து சேரும். அங்கே ஃபார்முலா ஒன் கார்கூட ஓடியிருக்கிறது. 1980களில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் காரைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ஆனால் எங்கள் கண் பைக்கில்தான் இருக்கும். திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரிலிருந்து வந்த யெஸ்டி, 1983க்குப் பிறகு ராஜ்தூத் 350, அடுத்து இண்ட்-சுஸுகி, 1985 இறுதியில் யமஹா ஆர்.எக்ஸ். 100. அந்த ஐந்தாறு வருடங்களில் இந்திய மெக்கானிக்கின் கைக்கு வந்து சேர்ந்த புது இன்ஜின்கள், அதற்கு முந்தைய இருபது வருடத்தில் வந்ததைவிட அதிகம்.

அந்தத் தரை இன்ஜினிடம் கேட்டது ஒன்றே ஒன்று: நேர்ப்பாதையின் கடைசியில் உன்னிடம் எவ்வளவு வேகம் மிச்சமிருக்கிறது? திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது வண்டி சோம்பலாக இருந்தாலும் பரவாயில்லை. நீண்ட ஓட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் வேலை எல்லாம் மேல்வேகத்தை நோக்கிப் போயிற்று. சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அரத்தால் உயர்த்துவோம். ஆர்.எக்ஸ். 100ல் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் மொத்தமே 50 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலே வண்டியின் குணம் மாறிவிடும். போர்ட் சீக்கிரம் திறக்கும், புகை சீக்கிரம் வெளியேறும், இன்ஜின் இன்னும் மேலே சுற்றும். கீழ்ச்சுற்றில் இருந்த இழுவை போய்விடும். தெருவில் ஓட்டினால் கிளட்சைப் பிடித்துக்கொண்டே திணற வேண்டிய வண்டி, சோழவரத்தில் நான்காவது கியரில் பாடிக்கொண்டு போகும்.

போர்ட் பாதி வேலை. மீதிப் பாதி சைலன்சர். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சர் சத்தத்தை அடக்கும் குழாய் மட்டும் அல்ல. நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கும் அந்தக் கூம்பு வடிவம், எக்ஸாஸ்ட் வால்வு இல்லாத இன்ஜினுக்கு அந்த வால்வின் வேலையைச் செய்கிறது. போர்ட் திறந்ததும் வெளியே பாயும் அழுத்த அலை விரியும் கூம்பில் போகும்போது பின்னால் உறிஞ்சல் உண்டாகிறது. அது எரிந்த புகையை வெளியே இழுக்கிறது. புதுக் கலவையும் கொஞ்சம் அதோடு குழாய்க்குள் வந்துவிடுகிறது. அலை ஒடுங்கும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பு அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. 7,500 சுற்றில் ஓடும் இன்ஜின் ஒரு விநாடிக்கு 125 முறை இதைச் செய்கிறது. ஒரு முழுச் சுற்றுக்குக் கிடைப்பது விநாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். குழாய் நீளம் கொஞ்சம் தப்பினால் அலை முன்னதாக வந்துவிடும், அல்லது போர்ட் மூடியபின் கதவைத் தட்டும்.

எங்கள் ஊர்ப் புடவையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்வையில் இணைப்பார்கள். இரண்டும் தனித்தனியாக எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், இணைகிற இடம் பிசகினால் அது காஞ்சிபுரம் சேலை இல்லை. போர்ட்டும் குழாயும் அப்படித்தான். போர்ட் 9,000 சுற்றுக்குத் தயாராக இருக்க, குழாய் 7,000க்கு வெட்டப்பட்டிருந்தால், இரண்டு நல்ல வேலையும் சேர்ந்து ஒரு கெட்ட வண்டியாகும். என் மேஸ்திரி பேப்பரில் கூம்பை வரைந்து வெட்டி, தகரத்தில் வைத்துக் கோடு போட்டு, கேஸ் வெல்டிங்கில் சுருட்டி ஒட்டுவார். தடத்துக்குப் போய் வண்டியை ஓடவிட்டுப் பார்ப்பார். திரும்பி வந்து குழாயின் நடுவே வெட்டி ஒரு விரல்கடை கழிப்பார். மறுபடியும் ஒட்டுவார். அவருக்குக் கணக்குப் புத்தகம் தெரியாது. காதும் தடமும் தெரியும்.

நேர்ப்பாதை இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது: பிளக் படிப்பது. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து நேர்ப்பாதையில் ஓடவிட்டு, அப்படியே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி உருட்டி நிறுத்த வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்து கழற்றினால் பிளக் பொய் சொல்லும். பீங்கான் காப்பி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கருப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரின் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கலாம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே விட்டால் நீண்ட நேர்ப்பாதையில் சூடு ஏறி பிஸ்டன் ஜாம் ஆகும், இல்லையென்றால் அதன் தலையில் ஓட்டை விழும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவன் உயிர் அந்தச் சிறு பித்தளை ஜெட்டின் துளையில் இருக்கிறது.

ஜெட்டும் நிலையான ஒன்று அல்ல. விடியற்காலைக் குளிர்ந்த காற்று கனமானது. அதில் பிராணவாயு அதிகம், அதனால் பெட்ரோலும் அதிகம் கேட்கும். மதியம் கடலோர ஈரமும் வெயிலும் சேர்ந்து காற்று இளகும்போது அதே ஜெட் இன்ஜினுக்குத் திகட்டும். காலைப் பயிற்சி ஓட்டத்தில் பிரமாதமாக ஓடிய வண்டி மதியப் பந்தயத்தில் ஏன் மந்தமாகிறது என்று புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். மேஸ்திரி சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா வைத்திருப்பார். அது நிறைய ஜெட்டுகள். முகத்தில் படும் காற்றைப் பார்த்தே எதை மாட்டுவது என்று முடிவெடுப்பார்.

ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமான இடம் அல்ல. போருக்காகப் போட்ட தரையும் காலத்தோடு தேய்ந்துகொண்டிருந்தது. சொந்தத் தடம் வேண்டும் என்று கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1980களின் பின்பகுதியில் வேலையைத் தொடங்கியது. 1990ல் தடம் திறந்தது. பந்தயத்துக்கென்றே இந்தியாவில் கட்டிய முதல் நிரந்தரத் தடம் அதுதான். முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். காஞ்சிபுரத்திலிருந்து பொன்னேரிக்கரை ஏறி, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சோழவரத்துக்கு ஒரு ராத்திரி முன்னால் புறப்பட்ட நாங்கள், இங்கே விடியற்காலையில் கிளம்பிப் பயிற்சி ஓட்டத்துக்குப் போய்ச் சேரலாம் என்றாயிற்று.

சோழவரத்தில் வென்ற வண்டிகள் முதல் பருவத்தில் இங்கே திணறின. தடம் வேறு கேள்வியைக் கேட்டது. ஒரு திருப்பம் முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. மேல்சுற்றில் மட்டும் உயிர் உள்ள இன்ஜின், திருப்பத்திலிருந்து வெளியேறும்போது மூச்சு வாங்குகிறது. அது மூச்சைப் பிடிப்பதற்குள் மறுபடியும் பிரேக் அடிக்க வேண்டியிருக்கிறது. உயர்த்திய எக்ஸாஸ்ட் போர்ட்டைத் திரும்ப இறக்க முடியாது, அரத்தால் போன உலோகம் போனதுதான். புதுச் சிலிண்டர்களை எடுத்து, போர்ட்டைக் கொஞ்சமாக மட்டும் தொட்டு, நடுச்சுற்றில் இழுவை வரும்படி குழாயை நீட்டினோம். மேல்வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து பிக்கப்பை வாங்கினோம்.

ஸ்ப்ராக்கெட் கணக்கு அப்போதுதான் முக்கியமாயிற்று. முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் சரியாக 3. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் விகிதம் 3.23. பின்னால் ஒன்றிரண்டு பல் கூட்டுவதைவிட இது பெரிய தாவல். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் கிட்டத்தட்ட மூன்று பல்லுக்குச் சமம். அதனால் பெரிய மாற்றத்துக்கு முன் ஸ்ப்ராக்கெட், நுணுக்கத்துக்குப் பின் ஸ்ப்ராக்கெட். நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. தடத்தின் மிக நீண்ட நேர்ப்பாதையில், பிரேக் பிடிக்கும் இடத்துக்கு வரும்போதுதான் இன்ஜின் தன் உச்சச் சுற்றைத் தொட வேண்டும். முன்பே தொட்டுவிட்டால் பின்னால் பல் குறைக்க வேண்டும். தொடாமலே பிரேக் அடிக்க நேர்ந்தால் பின்னால் பல் கூட்ட வேண்டும். இதை எந்தப் பட்டறை மேசையிலும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

அதனால்தான் பந்தயத்துக்கு முந்தின நாள் தடத்தைச் சுற்றி நடப்பேன். வண்டியில் போனால் கண்ணுக்குப் படாதது நடந்தால் படும். எந்தத் திருப்பத்தின் உள்விளிம்பில் மணல் சேர்ந்திருக்கிறது, பிரேக் பிடிக்கும் இடத்தில் தரை எங்கே அலை அலையாகத் தள்ளியிருக்கிறது, டயர் கோடுகள் எந்த இடத்தில் கூடுகின்றன என்று பார்த்துக்கொண்டே போவேன். அலைத்தரை இருந்தால் முன் ஃபோர்க்கில் ஆயில் அளவை மாற்ற வேண்டும். வலது திருப்பங்கள் கூடுதல் என்றால் டயரின் வலது பக்கம் முதலில் சூடாகும், முதலில் தேயும். ஓட்டம் முடிந்து வந்த டயரைத் தடவிப் பார்த்தால் ரப்பர் எப்படிச் சுருண்டிருக்கிறது என்பது காற்றழுத்தம் கூடுதலா குறைவா என்று சொல்லும். சோழவரம் என்னை இன்ஜின்காரனாக்கியது. முழு வண்டியையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தது இருங்காட்டுக்கோட்டை. பிரேக், ஃபோர்க், டயர், செயின் தொய்வு எல்லாம் இன்ஜினுக்குச் சமமான கவனம் கேட்பவை என்று அந்தப் பன்னிரண்டு திருப்பங்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

இந்தத் தடத்தில் பிறகு நடந்தவை நாடறிந்தவை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை இங்கே ஃபார்முலா மாருதி காரில் ஓட்டி மேடையேறினார். 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010ல் ஃபார்முலா ஒன்னை எட்டினார். எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் பந்தயங்களுக்கு வெளிநாட்டு இளைஞர்கள் வந்தார்கள். மிக் ஷூமாக்கர் இங்கே ஓட்டியிருக்கிறார். 2019 பிப்ரவரியில் ஜேமி சாட்விக் அந்த சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் பெண்ணானது இதே இருங்காட்டுக்கோட்டையில்தான். ஆசிய ரோடு ரேசிங் பந்தயமும் 2010களில் இங்கே வந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டு அணிகளின் பிட் வாசலில் நின்று அவர்கள் கை வேலையைப் பார்ப்பேன். எங்களிடம் இல்லாத கருவிகள் நிறைய இருந்தன. ஆனால் அவர்களும் பந்தயத்துக்கு முன்னால் தடத்தைச் சுற்றி நடந்தார்கள், ஓட்டம் முடிந்ததும் முதலில் டயரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஃபார்முலா மாருதி என்று சொன்னேன். அதைச் செய்தவரைச் சொல்லாமல் நம் தடங்களின் கதை நிறையாது. கோவையின் மில் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவரதன், 1988ல் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டிலிருந்து பழைய கார்களை வாங்கி ஓட்டும் வசதி உள்ளவர்களுக்கே அதுவரை பெரும்பாலும் அப்படிப்பட்ட கார் கிடைத்தது. ஊர் மெக்கானிக் திறந்து பார்த்துச் சரிசெய்யக்கூடிய இன்ஜினை வைத்தது அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் நினைவாகக் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003ல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது. சுற்று 2.1 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் பாதியைவிடச் சற்றே பெரியது. அங்கே போகும்போது பின் ஸ்ப்ராக்கெட்டில் இன்னும் பல் ஏறும், இழுவை இன்னும் கீழே இறங்கி வரவேண்டும். சோழவரம், இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டு மெக்கானிக்கின் கை எந்தத் திசையில் நகர்ந்தது என்பது தெரியும்: நேர்க்கோட்டு வேகத்திலிருந்து திருப்பத்தின் வேகத்துக்கு.

இன்ஜினும் மாறிவிட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக டூ-ஸ்ட்ரோக் சாலையை விட்டுப் போயிற்று. ஆர்.எக்ஸ். வரிசையின் கடைசி வண்டியும் 2005ல் நின்றது. பந்தயத்தில் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 1982லிருந்தே பந்தய அணி வைத்திருந்தது. அங்கே பழகிய கைகள் அப்பாச்சியில் தங்கள் வேலையைக் காட்டின. இப்போது அரம் இருந்த இடத்தில் லேப்டாப் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்தில் பொறி என்பதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எண்களாக எழுதுகிறோம். ஸ்டாப்வாட்சை அமுக்கி நோட்டில் குறித்த சுற்று நேரத்தை, வண்டியில் கட்டிய கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை சொல்கிறது. என்னிடம் வேலை கற்கும் பையன்கள் இதில் என்னைவிட வேகமானவர்கள். அவர்களைப் பார்த்து நான் மகிழ்கிறேன். ஆனால் அவர்களிடம் ஒன்றை விடாமல் கேட்கிறேன்: திரையில் கோடு இந்த இடத்தில் விழுகிறதே, அது தடத்தில் எந்த இடம்? அங்கே தரை எப்படி இருக்கிறது? பதில் தெரியவில்லை என்றால் லேப்டாப்பை மூடிவிட்டு நடந்து பார்த்து வரச் சொல்கிறேன்.

பந்தய வேலையில் வேகத்துக்கு முன்னால் வருவது ஒன்று உண்டு. வண்டி தடத்தில் இறங்கும் முன் ஸ்க்ரூட்டினி நடக்கும். கண்ணாடி, ஹெட்லைட், ஸ்டாண்டு எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். இன்ஜின் ஆயில் திறப்பு போல்ட்டில் சின்னத் துளை போட்டுக் கம்பி முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். அந்த போல்ட் அதிர்வில் கழன்றால் ஆயில் தரையில் சிந்தும், பின்னால் வரும் பத்துப் பேர் விழுவார்கள். ஒரு முழம் கம்பிதான். அதை ஒழுங்காக முறுக்கக் கற்றுக்கொள்ளாத பையனுக்கு நான் சிலிண்டரைத் திறக்கக் கொடுப்பதில்லை. அடுத்தவன் உயிருக்குப் பொறுப்பேற்காதவன் கையில் வேகம் போகக் கூடாது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் தடம் உயிரை வாங்கியிருக்கிறது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் அனுபவம் மிக்க மூத்த கார் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மீதிப் பந்தயங்களை அன்றே ரத்து செய்தார்கள். அந்தச் சேதியைக் கேட்ட ராத்திரி எந்த மெக்கானிக்கும் தூங்கியிருக்க மாட்டான். நாம் செய்து கொடுக்கும் வேகம் யார் கையில் போகிறது, எந்த வயதில் போகிறது என்ற கேள்வி இந்தத் தொழிலில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் உரியது. அதற்குப் பதில் விதிப்புத்தகத்தில் மட்டும் இல்லை, நம் பட்டறை வாசலிலும் இருக்கிறது.

என் பட்டறை வாசலுக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய ஆர்.எக்ஸ். ஒன்றைத் தேடி வாங்கி, "அண்ணே, போர்ட் அடிச்சுக் குடுங்க, பைபாஸ்ல ஓட்டணும்" என்று கேட்கும் பையன்கள் வாராவாரம் வருகிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. காரணத்தை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்கிறேன். மணிக்கு 150 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடிக்கு 40 மீட்டருக்கு மேல் போகிறது. தடத்தில் அந்த நாற்பது மீட்டரில் எதிரே யாரும் வர மாட்டார்கள், விழுந்தால் சரளைப் படுகை இருக்கும், டயர் அடுக்கு இருக்கும், கொடியோடு மார்ஷல் நிற்பார், ஆம்புலன்ஸ் நிற்கும். பொன்னேரிக்கரைச் சாலையில் அந்த நாற்பது மீட்டரில் தூக்குச்சட்டியோடு ஒரு தறிக்காரர் குறுக்கே நடப்பார். வேகத்தின் மேல் ஆசைப்படுவதில் குற்றம் இல்லை, எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அந்த ஆசையை வைக்க இடம் ஒன்று உண்டு, அது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 31லும் செப்டம்பர் 1லும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. நகரத்து மக்கள் கம்பி வேலியோரம் நின்று பார்த்தார்கள். அது நல்லது. காட்சியால் ஆசை பிறக்கிறது. ஆனால் ஆசை கைவேலையாக மாறுவதற்கு நிரந்தரத் தடம்தான் வேண்டும். வாரம் தவறாமல் போய், அதே திருப்பத்தில் அதே வண்டியை வெவ்வேறு ஸ்ப்ராக்கெட்டோடு ஓட்டிப் பார்க்க ஒரு தரை வேண்டும். தெருத் தடத்தைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். இருங்காட்டுக்கோட்டை மறுநாளும் அங்கேயே இருக்கும்.

எங்கள் மாவட்டத்தின் இன்றைய நிலைக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் செய்கிறது. ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டி செய்கிறது. வல்லம் வடகாலில் யமஹா தொழிற்சாலை இருக்கிறது. தறி வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி அங்கேதான் போகிறார்கள். நாளெல்லாம் ஒரே போல்ட்டை ஒரே இறுக்கத்தில் பூட்டுகிறார்கள். முழு வண்டி எப்படி நடந்துகொள்கிறது, அந்த போல்ட்டுக்கு ஏன் அந்த இறுக்கம் என்பதைக் காட்டும் இடம் அவர்களுடைய பஸ் கடந்து போகும் சாலையிலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளைப் பருவத்துக்கு ஒருமுறையாவது ஸ்க்ரூட்டினி கொட்டகைக்குக் கூட்டிப்போக வேண்டும். கம்பி முறுக்கக் கற்கட்டும், பிளக் நிறத்தைப் பார்க்கட்டும், பந்தய வண்டி கழற்றி மாட்டப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கிளப்பும் கம்பெனிகளும் ஐ.டி.ஐ. ஆசிரியர்களும் பேசி முடிக்கக்கூடிய காரியம் இது. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

என்னளவில் நான் தொடங்கிவிட்டேன். என்னிடம் சேரும் பையனுக்கு முதல் மாதம் ஸ்பேனர் கொடுப்பதில்லை. பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அவனை இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போய், வேலியோரம் ஒரு திருப்பத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வண்டியும் எங்கே ஆக்ஸிலேட்டரை மூடுகிறது, எங்கே திறக்கிறது என்பதைக் காதால் கேட்டுக் குறித்து வரச் சொல்கிறேன். மாலையில் அவன் சொல்வதை வைத்து, எந்த வண்டிக்குப் பின்னால் எத்தனை பல் இருக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம். பிறகு பிட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்போம். அவன் கணக்கு ஒன்றிரண்டு பல் வித்தியாசத்துக்குள் வருகிற நாளில், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற அவனுக்குத் தகுதி வந்துவிட்டது.